திங்கட்கிழமை மூச்சு

அய்யாசாமி இறந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. 1997ஆம் வருடம். இறப்புச் சான்றிதழில் "இதயம் நின்றதால்" என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயம் நிற்காமல் இந்த உலகத்தில் யார் செத்திருக்கிறார்கள்? கத்திக்குத்து வாங்கியவனுக்கும் கடைசியில் நிற்பது இதயம்தான். அய்யாசாமியை எது கொன்றுகொண்டிருந்தது என்பதை அவர் மனைவி பழனாத்தாள் மூன்று வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒரு பெண், ஒரு ஸ்டாப்வாட்சையும் தன் கால்களையும் வைத்துக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததை ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில் அந்த நூற்பாலை இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் முதலாளிக்கு, ஆலைகளுக்குள் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் கேடயம் வாங்கும் ஆசை வந்தது. ஓடுகிறவர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்தார்கள். அய்யாசாமியின் அப்பா சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர். மகன் ஐயாயிரம் மீட்டரைப் பதினைந்து நிமிடம் நாற்பது விநாடியில் ஓடினார். பழனாத்தாளுக்குக் கொள்ளேகாலம் தாண்டி ஹனூர் பக்கம். ராகி விதைக்கும் குடும்பம். பள்ளிக்கூடப் போட்டியில் வெறுங்காலோடு ஓட ஆரம்பித்து மாவட்டம் வரை வந்தவர். ஆலை இருவரையும் எடுத்துக்கொண்டது. காலையில் ஓட்டப் பயிற்சி, மதியத்துக்கு மேல் ஏதோ பெயருக்கு ஒரு வேலை. 1984இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். ஆலை ஐந்து கேடயம் வாங்கியது.

ஐந்தாவது கேடயத்தோடு முதலாளியின் ஆசை தீர்ந்தது. 1987இல் விளையாட்டுப் பிரிவை மூடினார்கள். ஓடியவர்களை இயந்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பழனாத்தாள், நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவுக்குப் போனார். அங்கே தூசி குறைவு. அய்யாசாமியைப் பற்றிப் பேச்சு வந்தபோது சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஓட்டக்காரனுக்கு மூச்சு ஜாஸ்தி. ப்ளோரூம்ல போடு."

ப்ளோரூம் என்பது பஞ்சுப் பொதிகளை உடைத்து, இயந்திரத்தில் கொட்டி, அடித்து உதறும் இடம். உதறும்போது பறக்கும் தூசியை உறிஞ்சிக்கொள்ள மேலே குழாய்கள் உண்டு. எட்டுக் குழாய்களில் ஆறு அடைத்துக் கிடந்தன. அதற்குப் பதிலாக ஆலை ஒவ்வொரு ஷிப்டிலும் தொழிலாளிக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுத்தது. வெல்லம் தொண்டைத் தூசியை இறக்கிவிடுமாம். தொண்டை வயிற்றுக்குப் போகிறது, மூச்சு நுரையீரலுக்குப் போகிறது என்று ஆறாம் வகுப்புப் பாடத்தில் படம் போட்டிருக்கிறது. வெல்லம் எந்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகும் என்று அந்த ஆலையில் ஒருவரும் கேட்கவில்லை. வெல்லம் குழாயைவிட மலிவு.

ஏழு வருடம். இருவரும் ஓடுவதை மறந்தே போனார்கள். மகள் வினிதா பிறந்தாள். மைசூரில் அக்ரஹாரம் என்ற பகுதியில் மல்லம்மா என்பவர் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார்கள். 1993 கடைசியில் அய்யாசாமிக்கு நெஞ்சு இறுக ஆரம்பித்தது. எல்லா நாளும் இல்லை, திங்கட்கிழமைகளில் மட்டும். திங்கள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு இடத்தில் நிற்பார். புதன், வியாழன் ஆனால் கொஞ்சம் தேறிவிடும். அவரோடு வேலை செய்த பலருக்கும் இப்படித்தான் இருந்தது. சூப்பர்வைசரிடம் அதற்கும் பதில் இருந்தது. "ஞாயித்துக்கிழமை ஊத்திக்கிட்டா திங்கக்கிழமை மூச்சு வாங்கத்தான் செய்யும்." அய்யாசாமி சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை.

மல்லம்மாவிடம் வேறொரு பதில் இருந்தது. "சோமவாரம் நஞ்சன்கூட்டு ஈஸ்வரன், நஞ்சுண்டப்பாவோட நாள் பழனாத்தா. ஞாயித்துக்கிழமை கோழி அடிச்சுத் தின்னுட்டுப் படுத்தா, அவரு சும்னே விடுவாரா? அஞ்சு சோமவாரம் நஞ்சன்கூடு போயிட்டு வரச் சொல்லு. எல்லா நோயும் ஆத்துற வைத்தியர் அவரு."

அய்யாசாமி நம்பினார். ஞாயிற்றுக்கிழமைக் கோழியை விட்டார். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை விடிகாலை ரயிலில் நஞ்சன்கூடு போய், கபினி ஆற்றில் முழுகி, கோயிலைச் சுற்றிவிட்டு வந்தார். அன்று நெஞ்சு இறுகவில்லை. இரண்டாம் திங்களும் இறுகவில்லை. மல்லம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, வாசற்படியில் உட்கார்ந்து விசிலடிப்பது போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரிடம் பழனாத்தாள் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க, சாமி கோவம் செவ்வாக்கெழமைக்கு மாறிப்போச்சுங்களா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்னே இரு பழனி."

"கேக்குறேன், அவ்வளவுதானுங்க. போன வாரமும் செவ்வாக்கெழமைதான். அதுக்கு முந்தின வாரமும் அப்பிடித்தான். நேத்து மில்லுக்குப் போகல, நல்லா இருந்தீங்க. இன்னைக்குப் போனீங்க, இப்பிடி ஆயிருச்சு."

"கோழி திங்கலையே நான்."

"அதத்தான் நானும் சொல்றேன். கோழி திங்கல, குடிக்கல, கோயிலுக்கும் போயிட்டு வந்தாச்சு. மிச்சம் இருக்குறது என்னங்க?"

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் அந்த ஆலையில் இருந்தார்கள். மிச்சம் இருப்பது என்ன என்று கேட்க, நூல் சுற்றும் ஒரு பெண் வேண்டியிருந்தது.

பழனாத்தாள் கேள்வியோடு நிற்கவில்லை. திருமணத்துக்கு ஆலையின் விளையாட்டுப் பிரிவு கொடுத்த ஸ்டாப்வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தார். ஓடியது.

"ஓடிப் பாத்தாத் தெரிஞ்சு போகுமுங்க."

"யாரு ஓடறது?"

"நாமதான். ஞாயித்துக்கெழமை காத்தாலயும் திங்கக்கெழமை சாயங்காலமும். ஓவல் மைதானத்துல நாலு சுத்து."

"என் மூச்சைத்தானே பாக்கணும். நீ எதுக்கு?"

"காத்தால குளுரு, சாயங்காலம் வெயிலு. அதனாலதான் நேரம் கெட்டுதுன்னு நாளைக்கு யாராச்சும் சொல்லுவாங்க. வெயிலுன்னா எனக்கும் வெயிலுதானுங்களே? என் நேரம் கெடாம உங்க நேரம் மட்டும் கெட்டா?"

சோதனைச்சாலைகளில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பழனாத்தாளுக்கு அந்தப் பெயர் தெரியாது. ஓட்டத்தில் ஒருவருடைய வேகம் இன்னொருவர் பக்கத்தில் ஓடும்போதுதான் தெரியும் என்பது மட்டும் தெரியும்.

1994 ஜூன் மாதத்தில் ஆரம்பித்தார்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் நாள் இரண்டே சுற்று. இருவருக்கும் தொடை பிடித்துக்கொண்டது. பழனாத்தாள் கணவரின் பழைய பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது மல்லம்மா, "ஏன் பழனாத்தா, நாய் தொரத்துதா?" என்று கேட்டார். "நாயின்னா நின்னுருவனுங்க அக்கா" என்றார் பழனாத்தாள். ஒரு மாதத்தில் கால்கள் பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாசாமி முன்னால் போவார். நான்கு சுற்றை ஐந்தே முக்கால் நிமிடத்தில் முடித்துவிட்டு, பின்னால் வரும் மனைவியைப் பார்த்துக் கைதட்டுவார். "ஏ பழனி, பஸ்ஸு போயிடும், சீக்கிரம் வா!" பழனாத்தாளுக்கு ஆறரை நிமிடம். திங்கள் மாலை ஷிப்ட் முடிந்து வந்து ஓடினால் பழனாத்தாளுக்கு அதே ஆறரை. அய்யாசாமிக்கு எட்டு. சில வாரம் ஒன்பது. ஞாயிறு காலையில் பழனாத்தாள் கணவரின் முதுகைப் பார்த்து ஓடினார். திங்கள் மாலையில் கணவர் அவர் முதுகைப் பார்த்து ஓடினார். நான்கு மாதத்தில், பகல் ஷிப்ட் வந்த ஒன்பது வாரங்களில், ஒரு வாரம் கூட இது மாறவில்லை.

தொழிற்சங்கத்துப் பசவராஜிடம், நேரங்களைக் குறித்துவைத்த காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பசவராஜ் வீட்டில் தேடி ஒரு மெல்லிய கன்னடப் புத்தகத்தை எடுத்து வந்தார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் பற்றியது. வார விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாள்தான் நெஞ்சு இறுகும், அதுதான் இந்த நோயின் அடையாளம் என்று அதில் அச்சடித்திருந்தது. நூறு வருடத்துக்கு மேலாக உலகத்துக்குத் தெரிந்த நோய். ஆலை நிர்வாகத்துக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வெல்லம் கொடுத்தார்கள்.

ஆலைக்கும் சங்கத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. நுரையீரல் கெட்டவர் என்று மருத்துவக் குழு சொன்னால், அவரைத் தூசியில்லாத பிரிவுக்கு மாற்ற வேண்டும். பழனாத்தாள் கேட்டது அது ஒன்றைத்தான். நஷ்டஈடு கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. அவரை ப்ளோரூமிலிருந்து வெளியே எடுங்கள், இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தால் செத்துப்போவார் என்று எழுதினார். ஒன்பது வாரக் கணக்கையும் சேர்த்து வைத்தார்.

குழுவை ஆலைதான் அமைத்தது; டாக்டர்களுக்குச் சம்பளமும் ஆலைதான் கொடுத்தது. தேதியும் ஆலை குறித்தது: அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. தசரா விடுமுறையின் நான்காவது நாள். வியாழக்கிழமை ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டியிருந்தார்கள். அதோடு மூடிய ப்ளோரூம். நான்கு நாள் பஞ்சைக் கண்ணால் பார்க்காத நுரையீரலைச் சோதிக்கப் போகிறார்கள். திங்கள் மாலை வையுங்கள் என்று பசவராஜ் நடையாய் நடந்தார். டாக்டர்களுக்கு ஞாயிறுதான் வசதி என்றார் மேனேஜர்.

அன்று காலை கிளம்பும்போது பழனாத்தாள் சொன்னார்: "ஓடச் சொன்னாலும் சொல்லுவாங்க. உள்ளபடி ஓடுங்க. ஆனா ஜெயிக்க ஓடாதீங்க."

"பொய்யா ஓடச் சொல்றியா?"

"பொய்ன்னா அந்த ஒம்பது வாரமும் பொய்யாயிருமுங்க. முடிஞ்ச மட்டும் ஓடிட்டு, மூச்சு வாங்குனா நின்னுருங்க. அதுதான் உள்ளபடி."

"நான் ட்ராக்ல நின்னதே இல்ல பழனி."

"தெரியுமுங்க. அதுதான் பயமா இருக்குது."

ஆலையில் டாக்டர்கள் பீடி உண்டா என்று கேட்டார்கள். அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்கள். முதுகில் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மேனேஜர் எழுந்து கன்னடத்தில் சொன்னார்: "ஓட்டக் கணக்குத்தானே ஆதாரம்னு கொடுத்திருக்கீங்க? ஓடட்டும். நாங்களும் பார்க்கிறோம்." பஞ்சுக் கிடங்கைச் சுற்றி ஆறு சுற்று, மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். பழனாத்தாளும் கூட ஓடக் கேட்டார். அவர் நோயாளி இல்லையே என்று மறுத்துவிட்டார்கள்.

ஆலைக் குடியிருப்பு பக்கத்திலேயே இருந்தது. சேதி பரவி ஆட்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். விடுமுறை நாள்; வேடிக்கை பார்க்க வேறு என்ன இருக்கிறது? அய்யாசாமி ஓடிக் கேடயம் வாங்கியதைப் பார்த்த பழைய ஆட்கள் பாதிப்பேர். முதல் இரண்டு சுற்று அமைதியாகத்தான் போயிற்று. மூன்றாவதில் ஒருவன் கை தட்டினான். நான்காவதில் மதில் முழுக்கக் கைதட்டியது. ஆறாவதில் கத்தவே ஆரம்பித்தார்கள். "அண்ணா, கடைசிச் சுத்து! தூக்கு அண்ணா, தூக்கு!"

அய்யாசாமி தூக்கினார். ஏழு வருடமாக யாரும் அவரைப் பார்த்துக் கை தட்டவில்லை. கடைசி நூறு மீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்து முடித்தார். ஐந்து நிமிடம் முப்பத்தொரு விநாடி. இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டே திரும்பினார். பழனாத்தாளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கைகள் இறங்கின.

நோயாளி ஒருவர் தன் உயிருக்கு எதிராகவே ஜெயிப்பது நடக்கிற காரியமா? ஓட்டக்காரனிடம் நடக்கும். தோற்பதுபோல் ஓட அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். மேனேஜருக்கு அது தெரிந்திருந்தது.

"சராசரி மனிதனைவிட நல்ல நுரையீரல். எந்த வேலைக்கும் தகுதியானவர்" என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பழனாத்தாள் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இவரு சராசரி ஆளு இல்லைங்க சார். பத்து வருசத்துக்கு முன்னால இதே தூரத்த நாலு நிமிசத்துல ஓடுனவரு. இவரு பாதி செத்தாலும் உங்க சராசரிக்கு மேலதான் இருப்பாரு. மீதிப் பாதியும் செத்தப்பறம்தான் மாத்துவீங்களா? இவர இவரோட ஒத்துப் பாருங்க. பழைய நேரமெல்லாம் உங்க கேடயத்துலயே பொறிச்சிருக்குதுங்களே!"

"கேடயம் மருத்துவச் சான்று இல்லை அம்மா" என்றார் மேனேஜர். டாக்டர்கள் காரில் ஏறினார்கள்.

வீட்டுக்கு வந்தும் அய்யாசாமி சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"திட்டு பழனி. திட்டிடு."

"என்னத்தத் திட்டறது. நீங்க ஓடுனது அழகாத்தான் இருந்துச்சு. அதப் பாத்துத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

மறுநாள் திங்கட்கிழமை. அய்யாசாமி ப்ளோரூமுக்குப் போனார். நான்கு நாள் மூடிக் கிடந்த அறையில் அன்று தூசி வழக்கத்தைவிட அதிகம். மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. ஒரு ஷிப்ட் வெளியே வரும், அடுத்த ஷிப்ட் உள்ளே போகும். ஆலை முற்றத்தில் இருநூறு பேர் நிற்கும் நேரம். பழனாத்தாள் கூம்புப் பிரிவிலிருந்து வந்தார். அய்யாசாமி அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் பஞ்சு.

"வாட்ச் வச்சிருக்கியா?"

"இருக்குதுங்க. இன்னைக்கு ஓவல் வேண்டாம். உங்களால ஆகாது."

"ஓவல் இல்ல. இங்கயே. நேத்து ஓடின அதே இடம். நேத்துப் பாத்தவங்களே பாக்கணும்."

பழனாத்தாள் கணவரைப் பார்த்தார். நேற்று அவரை நிற்க விடாதது எதுவோ, அதை இப்போது அவரே கழற்றி வைக்கப் போகிறார் என்று புரிந்தது. செருப்பை விட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். யாரிடமும் கேட்காமல் இருவரும் ஓட ஆரம்பித்தார்கள்.

முதலில் சிரிப்பு எழுந்தது. "டே, அண்ணன் திரும்பவும் ஆரம்பிச்சுட்டாரு!" என்று ஒருவன் கத்தினான். முதல் சுற்று முடிந்ததும் பழனாத்தாள் உரக்கச் சொன்னார்: "நேத்து அம்பத்தஞ்சு விநாடி. இன்னைக்கு எழுபது!" இரண்டாவது சுற்றில் அய்யாசாமியின் மூச்சு தூரத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. "நேத்து அம்பத்தஞ்சு. இன்னைக்குத் தொண்ணூத்தி ஆறு!" அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அவர் ஓடவில்லை. கிடங்குச் சுவரைக் கையால் பிடித்துப் பிடித்து நடந்தார். உதடு கறுத்துவிட்டது. பழனாத்தாள் பக்கத்திலேயே, அதே வேகத்தில், வாட்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஓர் இளைஞன் ஓடிவந்து அய்யாசாமியின் தோளைப் பிடிக்கப் போனான்.

"தொடாதீங்க!" என்று பழனாத்தாள் கத்தினார். "தொட்டாக் கணக்கு கெட்டுரும்!"

கல்நெஞ்சுக்காரி என்று அன்று சிலர் சொன்னார்கள். கை கொடுத்துத் தூக்கிவிட்டால் அது இரக்கத்தோடு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கணவருக்கு வேண்டியது இரக்கம் இல்லை, சாட்சி. மூன்றாவது சுற்றின் கோட்டை அய்யாசாமி தாண்டி, மண்ணில் உட்கார்ந்தார். "இந்தச் சுத்து மூணு நிமிசம் பத்து" என்றார் பழனாத்தாள். இந்த முறை குரல் எழும்பவில்லை. மாடியில் மேனேஜர் அறை ஜன்னலில் ஆள் நின்றிருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. சிறிது நேரத்தில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அடுத்த வாரம் ப்ளோரூம் ஆட்கள் இருபத்து மூன்று பேர், எங்களையும் திங்கட்கிழமை மாலையில் சோதியுங்கள் என்று சங்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கடுத்த வாரம் ஆலையிடமிருந்து குற்றப்பத்திரிகை வந்தது, கணவன் மனைவி இருவருக்கும். இருவரும் வேலையை இழந்ததும் கையெழுத்துப் போட்டவர்களில் பதினேழு பேர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அய்யாசாமியை ப்ளோரூமிலிருந்து வெளியே எடுங்கள் என்று பழனாத்தாள் எழுதிக் கேட்டிருந்தார். எடுத்துவிட்டார்கள்.

வேலை போவதற்கு முன் ஆலைக்குள் நடந்த விசாரணையின் குறிப்பு பசவராஜிடம் இருக்கிறது. விசாரணை அதிகாரி ஒரு வக்கீல். அவர் கேட்டதும் அய்யாசாமி சொன்னதும் பசவராஜுக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அக்டோபர் 17ஆம் தேதி, அனுமதியில்லாமல், வேலைக்கு இடையூறாக ஆலை முற்றத்தில் ஓடினீர்களா?"

"ஓடலைங்க சார்" என்றார் அய்யாசாமி. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவே ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டார். "ஓட முடியல. அதைத்தான் எல்லாருக்கும் காமிச்சோம்."

அதிகாரி எழுத்தரிடம் திரும்பி, எழுதவேண்டியதைச் சொன்னார். குறிப்பில் அது ஒரே வரி: ஓடியதை ஒப்புக்கொண்டார்.